ஊறுகாய் பாட்டில்

என் மகள் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் டீமில் இருக்கிறாள். முதல் தடவை மாட்ச் பார்க்கப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் ஓடி ஓடிப் போய் எதிர் டீம் பெண்ணின் வழியில் தூண் மாதிரி நிற்கிறாள். நன்றாக இடி வாங்குகிறாள். பந்தை வேறொருத்தி கொண்டுபோய்க் கூடையில் போடுகிறாள். கைதட்டல் எல்லாம் அவளுக்கு.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன். "ஏம்மா, உனக்குப் பந்தே தர மாட்டாங்களா?"

"நீ பந்தையே பாத்துக்கிட்டிருந்தா ஒண்ணும் புரியாதுப்பா. அதுக்குப் பேரு பிக் அண்ட் ரோல்."

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பாடம் நடந்தது. ரசப் பாத்திரம்தான் கூடை. பந்து வைத்திருப்பவள் உப்பு ஜாடி. அவளை விடாமல் மறிக்கிறவள் மிளகு டப்பா. என் மகள், ஊறுகாய் பாட்டில். அவளுக்குக் காவல் மோர் டம்ளர்.

ஊறுகாய் போய் மிளகின் பக்கத்தில் நிற்கிறது. இது ஸ்க்ரீன். அசையாமல் நிற்கவேண்டும். இடுப்பைக் கொஞ்சம் நீட்டி இடித்தாலும் ஃபவுல். உப்பு, ஊறுகாயின் தோளை உரசிக்கொண்டு ஓடுகிறது. பின்னால் வந்த மிளகு, ஊறுகாய் மேல் மோதி நிற்கிறது. இப்போது மோருக்கு ஒரு நொடி குழப்பம். உப்பைத் தடுக்கப் போனால் ஊறுகாயை விட்டுவிடவேண்டும். ஊறுகாயோடே இருந்தால் உப்பு நேரே ரசத்துக்குப் போய்விடும்.

"அவ்வளவுதானா?"

"இது பாதிதான். இனிமேதான் ரோல்."

ஊறுகாய் சட்டென்று திரும்பி, மிளகை முதுகுக்குப் பின்னால் விட்டு, கையைத் தூக்கிக்கொண்டு கூடையை நோக்கி ஓடுகிறது. மோர், உப்பின் மேல் பாய்ந்திருந்தால் ஊறுகாய்க்கு முன்னால் ஆளே இல்லை. உப்பு அதைக் கவனித்துப் பந்தைத் தரவேண்டும்.

"கவனிக்கலைன்னா?"

"நான் இடி வாங்கினதுதான் மிச்சம்."

பிறகு பழைய வீடியோக்கள் போட்டுக் காட்டினாள். அமெரிக்காவின் யூட்டா ஜாஸ் அணி. ஜான் ஸ்டாக்டன், 6 அடி 1 அங்குலம். கார்ல் மலோன், 6 அடி 9 அங்குலம். 1985 முதல் 2003 வரை, 18 சீசன்கள் இருவரும் சேர்ந்து இதையே ஆடினார்கள். வரப்போவது என்னவென்று எதிராளிக்கும் தெரியும். ஆனாலும் தடுப்பது கஷ்டம். மலோன் எடுத்த புள்ளிகள் 36,928. அடுத்தவர் கூடை போடப் பந்து தருவதற்கு அசிஸ்ட் என்று பெயர். ஸ்டாக்டன் தந்தவை 15,806. என்.பி.ஏ.வில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. 1997, 1998 இரண்டு வருஷமும் இறுதிச் சுற்றில் சிகாகோ புல்ஸிடம் தோற்றார்கள். கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் மலோன் கையைத் தூக்கினால் பந்து வந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

1991. அப்பா போய்ச் சேர்ந்த வருஷம். அவர் வைத்துவிட்டுப் போன கடனைக் கேட்டு வாசலில் ஆட்கள் வருவார்கள். படிப்பை நிறுத்திவிட்டு ரைஸ் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன்தான் வாசலை மறித்து நிற்பார். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்க. அவனை விடுங்க, காலேஜுக்கு நேரமாச்சு." அவர் தோளை உரசிக்கொண்டுதான் தினமும் சைக்கிளை வெளியே எடுப்பேன்.

அப்புறம் அவர் கை தூக்கியது ஒரே ஒரு தடவை. 2009-ல் போன் பண்ணினார். "பையனுக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைச்சிருக்குடா. பணம் கொஞ்சம்..." என்று இழுத்தார். எனக்கு அப்போது வீட்டுக் கடன். "பாக்கலாம்ணே" என்றேன். பார்க்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. பையன் வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த மாட்சில் நான் பந்தைப் பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்தேன். ஒன்பது தடவை கை தூக்கினாள். இரண்டு தடவை பந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில்தான் நின்றிருந்தார்.

"என்னடா, திடீர்னு?"

"சும்மாதாண்ணே" என்றேன். உள்ளே போக வழி விட்டு ஒதுங்கி நின்றார்.