அந்த ஒரு கணம்

சென்ற மே மாதம் எங்கள் மூத்த மகள் பத்து நாள் விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்தாள். இரவு செபமும் உணவும் முடிந்த பின்னர், தன் கல்லூரி நாள்களில் விரும்பிப் பார்த்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களை மீண்டும் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. நாங்கள் இருவரும் அவளருகே அமர்ந்துகொண்டோம். ஆங்கில வேகம் எங்களுக்கு எட்டவில்லை. பல இடங்களில் அவள் சிரித்த பின்னரே எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

அப்படியோர் இரவில்தான் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். இரண்டாண்டுகளாகத் தன்னோடு பழகிவந்த இளைஞரிடம், திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இரு குடும்பத்தாருக்கும் அதில் மனம் ஒப்பியிருந்தது. எனவே திகைத்துப்போனோம். "நல்லவர்தான் அம்மா, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், 'இவர்தான்' என்று உள்ளம் அறியும் ஒரு கணம் இருக்க வேண்டுமல்லவா? எனக்கு அது வரவேயில்லை" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "உங்களுக்கு அந்தக் கணம் எப்போது வந்தது?" என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் திருமணம் 1991-இல் நடந்தது. ஆலயத்தில் மூன்று ஓலைகளும் வாசித்து முடிவதற்குள் நாங்கள் நான்கு முறை பேசியிருப்போம். அதுவும் பெரியவர்கள் முன்னிலையில். அவள் கேட்ட கணத்தை எங்கள் நினைவில் தேடினோம். இதுதான் என்று சுட்டிக்காட்ட எங்களால் இயலவில்லை.

மறுநாள் முதல் அந்தத் தொடர்களை வேறு கண்களோடு பார்க்கத் தொடங்கினோம். எங்கள் மகளுக்கு அந்தக் கணத்தைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை அறிய விரும்பினோம்.

அவள் மிகவும் விரும்பியது 'ஃபிரெண்ட்ஸ்' என்னும் தொடர். 1994-இல் தொடங்கி 2004-இல் 236 பகுதிகளுடன் நிறைவுற்றது. முதற்பகுதியில் ரேச்சல் என்னும் பெண், மணமகனை விட்டுவிட்டு, திருமண உடையோடு நியூயார்க் நகரின் காபிக் கடை ஒன்றிற்குள் ஓடிவருகிறாள். அங்கிருக்கும் ராஸ் பள்ளி நாள்களிலிருந்தே அவளை விரும்பியவன். பத்தாண்டுகள் இவ்விருவரும் சேர்வதும் பிரிவதுமாய்க் கதை நகர்கிறது. இடையில் லாஸ் வேகாஸ் நகரில் குடிமயக்கத்தில் மணம் செய்துகொண்டு, பின் மணமுறிவும் பெறுகிறார்கள். ஒரு பெண் குழந்தையும் பிறக்கிறது. ஆயினும் அவர்கள் இணைந்தார்கள் என்று கதை ஒப்புக்கொள்வதில்லை. இறுதிப் பகுதியில், பாரிஸ் செல்லும் விமானத்திலிருந்து இறங்கி ரேச்சல் திரும்பி வந்து நிற்கும்போதுதான் ஒப்புக்கொள்கிறது. அதை அமெரிக்காவில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அவ்விருவரில் யார் முதலில் எழுந்து குழந்தைக்குப் பால் காய்ச்சினார்கள் என்பதை எவரும் பார்க்கவில்லை.

இதற்கு முன்னோடியாய் அமைந்தது, பாஸ்டன் நகரத்து மதுவிடுதி ஒன்றைக் களமாகக் கொண்ட 'சியர்ஸ்' (1982-1993). விடுதி உரிமையாளர் சாம், அங்கே பணிசெய்யும் படித்த பெண் டயான் ஆகிய இருவரின் ஊடலே ஐந்தாண்டுகள் அந்தத் தொடரைத் தாங்கி நின்றது. 1987-இல் திருமணச் சடங்கு தொடங்கிய பின்னும் அது நிறைவேறவில்லை. டயான் புத்தகம் எழுதப் புறப்பட்டுப் போகிறாள். 1993-இல் இறுதிப் பகுதிக்காகத் திரும்பி வருகிறாள். அப்போதும் இருவரும் ஒரே விமானத்தில் ஏறி அமர்ந்தும் பிரிந்தே போகிறார்கள்.

இவ்வாறு காலம் தாழ்த்துவது ஏன்? அரைமணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்கள் போகக் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 நிமிடம். அதற்குள் சிரிக்கவும் வேண்டும். அடுத்த வாரம் அதே கூடத்திற்கு, அதே காபிக் கடைக்கு நாம் திரும்பி வரவும் வேண்டும். 'இவர்கள் சேர்வார்களா' என்னும் வினா திறந்திருக்கும் வரை நாம் வருவோம். விடை கிடைத்துவிட்டால் ஆவல் தணிந்துவிடும். எனவே காதல் என்றும் வரப்போகும் ஒன்றாகவே இருக்க வேண்டியதாயிற்று. தொழிலின் தேவையால் எழுந்த இந்த ஏற்பாட்டையே நாம் காதலின் இயல்பு என்று எண்ணத் தலைப்பட்டோம். காதல் என்றால் ஒரு கணம். அது வரும்வரை காத்திருத்தல். வந்தபின் சொல்வதற்குக் கதையில்லை. எங்கள் மகள் தன் உள்ளத்தில் தேடிப்பார்த்துக் காணாதது இதைத்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான 'ஐ லவ் லூசி' தொடரில், முதற்பகுதி தொடங்கும்போதே திருமணம் முடிந்துவிட்டிருக்கிறது. லூசிக்கும் ரிக்கிக்கும் இடையே பணம், வேலை, பிடிவாதம் என்று அன்றாடம் நேரும் இடர்களே கதை. நடித்த லூசில் பாலும் டெசி ஆர்னாசும் மெய்வாழ்விலும் கணவன் மனைவியர். 1952-இல் அவர் கருவுற்றபோது, 'கர்ப்பம்' என்னும் சொல்லைத் திரையில் சொல்லவும் தொலைக்காட்சி நிறுவனம் இசையவில்லை. கத்தோலிக்கக் குரு ஒருவர், புராட்டஸ்டன்டு போதகர் ஒருவர், யூத ரபி ஒருவர் ஆகிய மூவரிடமும் அந்தப் பகுதிகளின் வசனங்களைக் காட்டினார்கள். 1953 சனவரி 19 அன்று கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாளில் நடிகைக்கும் மருத்துவமனையில் மகன் பிறந்தான்.

இதைப் படித்தபோது, பழைய காலமே நற்காலம் என்று சொல்லிவிட எங்கள் நாவும் துடித்தது. ஆனால் அந்தத் தம்பதியர் 1960-இல் மணமுறிவு பெற்றார்கள். திரையில் எந்தச் சண்டையும் அரைமணி நேரத்தில் அணைப்பில் முடிந்துவிட்டது. வாழ்வில் அவ்வாறு முடியவில்லை. பழைய தொடர், மன்னிப்பு எளிது என்று நம்பச் செய்தது. புதிய தொடர், காதல் வந்தடைந்தால் போதும் என்று நம்பச் செய்தது. இரண்டிலும் நாம் நம்ப விரும்பியதே நமக்குக் காட்டப்பட்டது.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றைக் கேட்டாள்: "அந்தக் காலத்துப் பெண்களிடம் விருப்பத்தை யார் கேட்டார்கள்? பாட்டி வாய் திறக்காமல் இருந்ததை நாம்தானே அன்பு என்று சொல்லிக்கொண்டோம்?" எங்களால் மறுக்க முடியவில்லை. அந்தக் காபிக் கடையில் பெண்கள் தங்கள் விருப்பத்தைத் தாங்களே சொல்கிறார்கள். ஆணும் பெண்ணும் நண்பர்களாய்ச் சேர்ந்து சிரிக்கிறார்கள். அதே தொடரில் நண்பர்களாயிருந்து 2001-இல் மணந்துகொள்ளும் மோனிகாவும் சாண்ட்லரும் குழந்தையில்லாத வேதனையை ஒன்றாய்ச் சுமக்கிறார்கள். இறுதியில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் போய், பிறந்தவை இரட்டைக் குழந்தைகள் என்றறிந்து திகைக்கிறார்கள். "இவர்களுக்கு அந்தக் கணம் எது?" என்று நாங்கள் கேட்டோம். அவள் சற்று யோசித்துவிட்டு, "தெரியவில்லை; மெல்ல மெல்லத்தான் வந்தது" என்றாள்.

விடுமுறையின் கடைசி இரவில் 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' (1996-2005) என்னும் தொடரில் ஒரு பகுதியைப் பார்த்தோம். அது 2003-இல் ஒளிபரப்பானது. வாரயிறுதிப் பயணம் சென்று திரும்பிய கணவனும் மனைவியும் பயணப்பெட்டியைப் படிக்கட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மேலே தூக்கிச் செல்ல வேண்டியவர் மற்றவரே என்பது ஒவ்வொருவரின் எண்ணம். வாரக்கணக்கில் அது அங்கேயே கிடக்கிறது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்குள் காதல் வருமா என்னும் வினாவே அங்கில்லை. பெட்டியைத் தூக்கப்போவது யார் என்பதே வினா. அந்த இரவு மகளுக்கு முன்பாக நாங்கள் சிரித்தோம். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தோம்.

எங்களுக்கும் ஒரு பெட்டி இருந்தது. மணமான இரண்டாம் ஆண்டில், வாடகை வீட்டில், இரவில் கொசுவலையைக் கட்டுவது யார் என்பதில் மனத்தாங்கல் வந்தது. பதினோரு நாள்கள் இருவரும் கட்டவில்லை. கொசுக்கடியில் உறங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு, மற்றவர் எழுகிறாரா என்று செவிகொடுத்துக் கிடந்தோம். பன்னிரண்டாம் நாள் நள்ளிரவில் ஒருவர் எழுந்து, விளக்கேற்றாமலே நான்கு முனைகளையும் கட்டினார். மற்றவர் உறங்கவில்லை என்பது கட்டியவருக்கும் தெரியும். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இதை மகளிடம் சொன்னோம். "நீ கேட்ட கணத்திற்கு எங்களிடம் இருப்பது இதுதான். அதுவும் திருமணத்திற்கு முன் வரவில்லை" என்றோம்.

அந்த இளைஞரை ஏற்றுக்கொள் என்று நாங்கள் சொல்லவில்லை. 'இவர்தான்' என்னும் உறுதி வராததால் மட்டும் ஒருவரைத் தள்ளிவிடலாகாது. குடும்பத்தார் ஒப்பினார்கள் என்பதற்காக மட்டும் ஏற்றுவிடவும் கூடாது. அவரோடு மனம்விட்டுச் சிரிக்க இயலுகிறதா, சினந்த நாளிலும் அவர் உனக்காக எழுந்து வருவாரா, அவருக்காக நீ எழுவாயா என்பதை மட்டும் எண்ணிப்பார் என்றோம். முடிவு அவளுடையது. அவளாகச் சொல்லட்டும் என்று இதுவரை நாங்கள் கேட்கவில்லை.

சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தாள். வேறு செய்திகளெல்லாம் பேசிமுடித்த பின்னர், "கொசுவலையைக் கடைசியில் கட்டியது யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?" என்றாள். எங்களில் ஒருவர் "அம்மாதான்" என்றார். அதே நேரத்தில் மற்றவர் "அப்பாதான்" என்றார். மறுமுனையில் அவள் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.