வாழாத காலங்களைப் படிப்பது

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் போகிறவர்கள் சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்திருப்பார்கள். குச்சிக்கிழங்கும் இந்த ஆலைகளும் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவை என்றே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் ஆலைகளைக் கொண்டுவந்தது ஒரு போர். மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனதும் கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இந்தத் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவின் துணையோடு, கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, படிந்த மாவை உருட்டி வறுக்கும் வேலையை இங்கே குடிசைத் தொழிலாகத் தொடங்கினார். கடல் கடந்து நடந்த சண்டை நம் காட்டில் என்ன விதைப்பது என்பதையே மாற்றிவிட்டது.

இதை அறிந்தபின் போர்க்கால நூல்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். கூடவே அறிவியல் புனைகதைகளையும். "ஏனுங்க அப்பாரு, பழைய சண்டையையும் ரோபோ கதையையும் எப்படிங்க ஒண்ணா படிக்கிறீங்க?" என்று பேத்தி கேட்டாள். எந்த மனிதருக்கும் காலத்தின் நடுவில் ஒரு துண்டுதான் கிடைக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடக்கப்போவதையும் நாம் இருந்து பார்க்க முடியாது. வயதாக ஆக அந்த இரண்டு பக்கமும் தெரிந்துகொள்ள மனம் அடித்துக்கொள்கிறது. புத்தகத்தை விட்டால் அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' அவசியம் படிக்க வேண்டியது. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர் அவர். 1941 டிசம்பர் 23 அன்று அந்த நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. அதன்பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் வழியாகவும், காடும் மலையும் தாண்டிக் கால்நடையாகவும் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். வழியில் பசியிலும் காலராவிலும் விழுந்தவர்கள் பல ஆயிரம். ஐம்பதை நெருங்கிய வயதில் மனைவியோடு நடந்த சர்மா, தான் கண்டதை ஆர்ப்பாட்டமில்லாமல் எழுதியிருக்கிறார். அந்த நிதானமே நம்மை உலுக்குகிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது சயாம்–பர்மா ரயில் பாதை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அதைச் சொல்கிறது. சுமார் 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தார்கள். அதில் இறந்த நேச நாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, கல்லில் பெயரும் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போன தமிழர்களும் மற்ற ஆசியக் கூலிகளும் அவர்களைவிடப் பல மடங்கு மாண்டார்கள். ஆனால் அவர்களுக்கு மதிப்பீடுதான் உண்டு, சரியான கணக்கு கிடையாது. அந்தப் பாதையிலுள்ள குவாய் ஆற்றுப் பாலத்தை வைத்து 1957இல் வந்த ஆங்கிலப் படம் உலகமெல்லாம் ஓடியது. அது சொன்னது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதையை. நம்மவர்களுக்காக ஒரு தமிழ் நாவலாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படித்த கையோடு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்தேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது இயந்திர நாய் ஜீனோவின் குறும்புதான் எல்லோர் வாயிலும் இருந்தது. இந்த வயதில் வேறொன்று தைக்கிறது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. ஆளுக்கு ஒரு எண், பெயருக்கு இரண்டே எழுத்து. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும், எவ்வளவு நாள் வாழலாம் என்பதையும் அரசே முடிவு செய்யும். கதை நடக்கும் 2020களுக்கே நாம் வந்துவிட்டோம். காட்டு வேலை செய்ய முடியாத, வருமானம் இல்லாத கிழவரை ஒரு சமூகம் என்ன செய்யும் என்று சுஜாதா அப்போதே கேட்டிருக்கிறார். சயாமில் மனிதர்களை எண்ணாமல் விட்டார்கள். ஜீவாவின் நாட்டிலோ எண்ணைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. அடுத்தடுத்துப் படித்ததால்தான் இது என் கண்ணில் பட்டது. தனித்தனியே படித்திருந்தால் முன்னது பழங்கதை, பின்னது கற்பனை என்று மூடி வைத்திருப்பேன்.

ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவம், ரசவாதம் என நம் மரபில் ஊறிய விஷயங்களிலிருந்து அவர் அறிவியல் கதைகளை எழுப்புகிறார்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த இரண்டு வகையும் அந்நியமல்ல. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் போர்க்காலத்திலேயே 'பர்மா ராணி'யை எடுத்தது, ஜப்பானியத் தளபதியாக நடித்தவர் சுந்தரமே. 1952இல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து, நம் காட்டில் மாமத யானைகள் உலவுவதாக 'காடு' என்ற படத்தையும் அதே நிறுவனம் தயாரித்தது. ஏற்காடு சாலையில் மிஞ்சியிருக்கும் அந்த நிறுவனத்தின் வளைவுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தமிழில் இதற்கு இணையான போர் நாவல் இல்லை என்பது என் கருத்து. சிங்காரம் இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடானுக்குப் பிழைக்கப் போய், போரை அங்கேயே இருந்து பார்த்தவர். மலாய்ச் சொற்களும் ஊர்ப் பெயர்களும் சங்கப் பாடல் எதிரொலிகளும் கலந்த நடை ஆரம்பத்தில் மிரட்டும். அதனால் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' நூலை முதலில் முடித்துவிடுங்கள். சிறியது, எளியது, அந்த உலகத்துக்குள் கைபிடித்துக் கூட்டிப்போகும். மாவட்ட நூலகத்தில் இல்லையென்றால் வாங்கித் தரும்படி எழுதிக் கொடுங்கள். நாலு பேர் எழுதிக் கொடுத்தால் வாங்குவார்கள்.