சூடு தணிந்த கண்

காண்பதற்கு ஒளி வேண்டும். இஃது யாவரும் அறிந்தது. காண்பதற்குக் குளிரும் வேண்டும் என்பது அறிவியல் நமக்குக் கற்பித்த புதுப்பாடம். வெப்பமுடைய பொருள் எதுவும் அகச்சிவப்புக் கதிரை வீசும். கருவியும் ஒரு பொருளே. தானே கதிர்வீசும் கருவி, தொலைதூர விண்மீனின் மெல்லொளியை எங்ஙனம் உணரும்? உச்சிவெயிலில் அகல்விளக்கின் ஒளியைத் தேடுவது போலன்றோ அது!

தமிழ்வழியில் பயின்று வந்த இயற்பியல் மாணவர் ஒருவர், "ஆங்கிலத்தில் ஒன்றும் விளங்கவில்லை ஐயா, படிப்பையே விட்டுவிடலாமா?" என்று என்னிடம் வினவினார். அவரை மருட்டிய பாடம் இதுவே. நான் தமிழாசிரியன், எனினும் இருவரும் நூலகத்தில் அமர்ந்து, வரிவரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தோம்.

1908-இல் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அது கொதிப்பதே சுழிக்குக் கீழ் 269 பாகை செல்சியசில். ஆயின் அக்குளிரில் தூய குறைகடத்தியில் மின்னோட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். 1961-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் பிராங்க் லோ, ஜெர்மானியப் படிகத்தில் காலியத்தைச் சிறிதளவு கலந்து அவ்விடரைக் கடந்தார். கதிர் பட்டதும் படிகம் இம்மியளவு சூடேறும். அதன் மின்தடை மாறும். அம்மாற்றமே நமக்குச் செய்தி. கடுங்குளிரில் படிகத்தின் வெப்பக் கொள்திறன் மிகக் குறைவு. ஆதலின் சிறுகதிரும் அதனை அசைத்துவிடும். "இவ்வளவுதானா ஐயா!" என்றார் மாணவர். படிப்பை அவர் விடவில்லை.

1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் 62 உணரிகளுடன் விண்ணேறியது. வேகா விண்மீனைச் சூழ்ந்த தூசியை அது கண்டுணர்த்தியது. பத்துத் திங்களில் ஹீலியம் தீர்ந்தது. அதன் பார்வையும் அவிந்தது. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலத்தின் உணரிகளோ தனிச்சுழிக்கு மேல் 0.1 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கப்பெற்றன. பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் கதிரில், நூறாயிரத்தில் ஒரு பங்களவான வேறுபாட்டையும் அவை அளந்தன.

மாணவச் செல்வங்களே! அறிவுக்கு மொழி தடையாகுமாயின், அத்தடையை நீக்கும் கடமை தமிழ் கற்றோருக்கே முதலில் உரியது. இயற்பியல் பயிலும் நண்பரிடம் அவருக்கு விளங்காத பாடமொன்றைக் கேட்டு வாங்குங்கள். இருவருமாய் அமர்ந்து அதனைத் தமிழில் எழுதுங்கள். அடுத்த மலரில் அக்கட்டுரைகளைக் காண விழைகின்றேன்.