ஒளி திரும்பும் வழி

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் பழைய குறுந்தகட்டுக் கருவி ஒன்று இருந்தது. பணியிலிருந்த காலத்தில் பல மாதங்கள் பணம் சேர்த்து அவர் வாங்கியது அது. முப்பது ஆண்டுகளாக அவ்வீட்டு விடியலில் நாகசுரம் ஒலித்தது அதன் வழியேதான். ஒருநாள், தகட்டை உள்வாங்கிய கருவி சிறிது முனகிவிட்டுத் ‘தகடு இல்லை’ என்று திரையில் காட்டி நின்றது. வேறு மூன்று தகடுகளுக்கும் அதே விடைதான். குறை தகட்டில் இல்லை என்பது தெளிவாயிற்று.

பழுது நீக்கும் கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பாராமல், “இதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது ஐயா, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். பதினொன்றாம் வகுப்பு பயிலும் பேத்திக்கு அதைக் கைவிட மனம் வரவில்லை. வீட்டில் மூடியைக் கழற்றியதும் சிறு திருகொன்று அவள் கண்ணில் பட்டது.

“தாத்தா, இதைச் சற்றுத் திருப்பினால் லேசரின் வலிமை கூடும் என்கிறார்கள். திருப்பட்டுமா?”

“வேண்டாம் அம்மா. வலிமையைக் கூட்டினால் லேசரின் ஆயுள் குறையும். அது போய்விட்டால் மாற்றுவதற்கு வேறு இல்லை. தடை எங்கே என்று முதலில் பார்ப்போம்.”

குறுந்தகட்டுக் கருவி 1982ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. தகட்டில் இசை நுண்ணிய குழிகளாகப் பதிந்துள்ளது. அக்குழிகள் அமைந்த சுருள்தடத்தின் சுற்றுகளுக்கிடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஒரு மயிரிழையின் தடிமனில் ஏறத்தாழ நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். லேசர் ஒளி வில்லையின் வழியே மேலே சென்று, தகட்டில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளியின் மாற்றங்களே இசையாகின்றன. தகடு உள்ளே வந்ததும் வில்லை மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடும். குவியம் கிட்டிய பின்னரே தகடு முறையாகச் சுழலத் தொடங்கும்.

தாத்தாவும் பேத்தியும் பக்கவாட்டிலிருந்து கவனித்தனர். லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. கண்ணைக் கெடுக்க வல்லது. ஆகவே, மேலிருந்து வில்லையை உற்றுநோக்கக் கூடாதென்று அவர் முன்னரே எச்சரித்திருந்தார். வில்லை அசைந்தது, தகடோ சுழலவில்லை. ஒளி திரும்பி வரவில்லை என்பதற்கு அது குறிப்பு. லேசர் நலிந்திருக்கலாம், அல்லது வில்லையில் அழுக்குப் படிந்திருக்கலாம். எளிதானதை முதலில் ஆராய்வதே முறை.

மின்இணைப்பைத் துண்டித்தபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிதளவு நனைத்த பஞ்சுக்குச்சியால் பேத்தி வில்லையை மெல்லத் துடைத்தாள். மெல்லிய பிடிப்புகளில் தொங்கும் வில்லை அது, அழுத்தினால் கெட்டுவிடும். பஞ்சு சாம்பல் நிறமாயிற்று. மீண்டும் தகட்டை இட்டபோது, திரையில் பாடல்களின் எண்ணிக்கை தோன்றியது, நாகசுரம் ஒலித்தது.

மகிழ்ச்சி ஐந்தாம் பாடல் வரையே நீடித்தது. அங்கே இசை தடுமாறி நின்றது. பேத்தியின் பார்வை மறுபடியும் திருகின்மேல் சென்றது. ஆனால், இம்முறை அவள் கையை நீட்டவில்லை. தகடு உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவது அவள் நினைவுக்கு வந்தது.

“தாத்தா, முதல் நான்கு பாடல்கள் ஒலிக்கின்றன. அப்படியென்றால் லேசர் நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே நகர்வதில்தான் தடை.”

வில்லையைத் தாங்கும் அமைப்பு நகர்கின்ற கம்பியில், பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகிக் கிடந்தது. அவள் அதைத் துடைத்தெடுத்துப் புதிய கிரீஸை மெல்லியதாகப் பூசினாள். அன்று மாலை தகட்டின் இறுதிப் பாடல்வரை தடையின்றி ஒலித்தது.

வில்லையில் படிந்த தூசியும் கம்பியில் இறுகிய கிரீஸுமே பழுதுக்குக் காரணங்கள். முதல் நாளே திருகைத் திருப்பியிருந்தால், நலமாயிருந்த லேசரே வீணாகியிருக்கும். மூடி மீண்டும் பொருத்தப்பட்டது. உள்ளே அச்சிறு திருகு, பல ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருந்தது.