எந்த வரி வரைக்கும் சரி?

"சார், இந்தக் கணக்கு வரல" என்று சாயங்கால வகுப்புப் பிள்ளைகள் நோட்டை நீட்டும்போது, பெரும்பாலும் அதில் கணக்கு இருக்காது. ரப்பர் தேய்த்த அழுக்குத்தான் இருக்கும். விடை தப்பு என்று தெரிந்ததுமே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவார்கள். எனக்கு வேண்டியது அந்த அழிந்த வரிகள்தான். அதனால் இயற்கணிதத்தில் உதவி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: தப்பாகப் போட்டதை அப்படியே கொண்டு வா. அடித்துக்கொள், அழிக்காதே.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 5எக்ஸ் − 2(எக்ஸ் − 4) = 23 என்ற கணக்கோடு வந்தாள். புத்தகத்தில் விடை 5. அவளுக்கு 31/3 வந்திருந்தது. நானே போட்டுக் காட்டினால் அரை நிமிஷ வேலை. அவளும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள், அடுத்த கணக்கில் அதே இடத்தில் மறுபடி நின்றிருப்பாள். "எந்த வரி வரைக்கும் சரின்னு நிச்சயமா சொல்லுவேம்மா?" என்று கேட்டேன். இரண்டாவது வரியைக் காட்டினாள்: 5எக்ஸ் − 2எக்ஸ் − 8 = 23.

"எக்ஸுக்குப் பதிலா 10 போட்டு ரெண்டு வரியோட இடப்பக்கத்தையும் பாரு." முதல் வரியில் 38 வந்தது, இரண்டாவதில் 22. அடைப்பைச் சரியாகப் பிரித்திருந்தால் எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டும் ஒன்றாகத்தானே வர வேண்டும்? கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் 8-க்கு முன்னால் இருந்த குறியில் விரலை வைத்தாள். "கழித்தல் நாலைக் கழிச்சா கூடுமா சார்?"

அவள் கேட்க வேண்டியிருந்த கேள்வி அதுதான். வரும்போது அவளுக்கே அது தெரியாது. 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்களுக்கு விதி எழுதியபோது சொத்து, கடன் என்றுதான் பேசினார். நானும் அவர் வழியிலேயே போனேன். உன் கடனில் நாலு ரூபாயைத் தள்ளுபடி செய்தால் உன் நிலைமை கூடுமா, குறையுமா? அதையே இரண்டு தடவை செய்தால்? அவளே +8 என்று திருத்தினாள்.

வீட்டில் அண்ணன்மார் சொல்லித்தரும் ஒரு வழி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. "எக்ஸ்னா ஆப்பிள், ஒய்னா ஆரஞ்சுன்னு வச்சுக்கோ." ஒத்த உறுப்புகளைக் கூட்டும் வரை அது ஓடும். எக்ஸ் வர்க்கம் வந்ததும் ஆப்பிளை ஆப்பிளால் எப்படிப் பெருக்குவது? எக்ஸ் பொருள் இல்லை, ஓர் எண். ஆப்பிளின் விலை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

"அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்ற மந்திரமும் அப்படித்தான். அதை மட்டும் நம்பிய பிள்ளை 3எக்ஸ் = 15 என்பதில் 3-ஐத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, எக்ஸ் = 15 − 3 என்று எழுதும். சமக்குறியை 'இங்கே விடை எழுது' என்ற உத்தரவாகவே அது படித்துப் பழகியிருக்கிறது. 8 + 4 = □ + 5 என்று கொடுத்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேருமே கட்டத்துக்குள் 12 அல்லது 17 வரும் என்றதாக 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. 7 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆகவே என் வகுப்பில் எதுவும் எந்தப் பக்கத்துக்கும் போகாது. இருபக்கமும் 3-ஆல் வகு, இருபக்கமும் 8-ஐக் கழி என்று முழுசாக எழுத வேண்டும். நோட்டு சீக்கிரம் தீரும், தீரட்டும்.

வீட்டில் உதவுகிற பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, பென்சிலை வாங்காதீர்கள் என்பதுதான். பிள்ளை திணறும் இடத்தில் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விடை வந்ததும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட விடாமல், அந்த விடையை முதல் வரியிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தைந்து இருபத்தைந்து, அடைப்புக்குள் ஒன்று, அதை இரண்டால் பெருக்கிக் கழித்தால் இருபத்து மூன்று.