கொத்மலையில் ஒரு கறல் பிடித்த கார்



கொத்மலை என்றதும் நீர்த்தேக்கமும் நீர்வீழ்ச்சியும் தேயிலை மலைகளும்தான் உங்களுக்கு நினைவு வரும். நானும் அவற்றைப் பார்க்கும் ஆசையில்தான் சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு புறப்பட்டேன். ஆனால் மூன்று நாள் பயணத்தில் பாதிப் பொழுதை ஒரு தகரக் கொட்டிலில், பலகை வாங்கில் உட்கார்ந்து, கறல் பிடித்த ஒரு பழைய காரைப் பார்த்தபடி கழித்துவிட்டுத் திரும்பினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள்.

கண்டியிலிருந்து கம்பளை, கம்பளையிலிருந்து நாவலப்பிட்டி, அங்கிருந்து மலையேறினால் ஹபுகஸ்தலாவை. கொத்மலைப் பிரதேசத்தில் நம்மவர்கள் நிறைந்து வாழும் ஊர். சுற்றிலும் தேயிலை, பாக்கு, பலா, கராம்பு. அஸர் பாங்கு சொல்லும்போது எதிர் மலையிலிருந்து தோட்டத்துக் கோயில் மணியும் கேட்கும். மாமாவின் வீடு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின்போது மலைநாடெங்கும் மண் சரிந்த கதையை நீங்கள் அறிவீர்கள். போகும் வழியில் பச்சை மலையில் சிவப்புக் காயங்கள் போல அந்தத் தடங்களைப் பார்த்து, பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மாமாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. அவருடைய வாப்பா ஒரு தோட்டத்து டீமேக்கரிடம் வாங்கியது. மாமி மணப்பெண்ணாக வந்து இறங்கியது இந்தக் காரில்தான். மூத்த மகள் பிறக்கும் வலியில் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதில்தான். இப்போது மாமா அதை விற்கப் போகிறார். மாமியோடு ஹஜ்ஜுக்குப் போக வேண்டும், சேர்த்த பணம் போதவில்லை. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, நல்ல விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

‘அறுபது வருடத்துக்கு மேலான காருக்கு அவ்வளவு விலையா?’ என்று நானும் கேட்டேன். நம் நாட்டில் பழைய கார் பழையதாவதே இல்லை, சகோதரிகளே! 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுகிக் கிடந்தபோது, இருந்த வண்டியைத்தான் தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். பிறகு 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025இல்தான். இத்தனைக்கும் நடுவில் டிங்கர் பாஸ்மாரின் கை ஓயவே இல்லை.

மாமாவின் கார் பார்வைக்குப் புதுப்பெண்தான். இளநீல வர்ணம் கண்ணாடியாக மின்னும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு நகரத்து கராஜில் முழுக்க வர்ணம் அடித்தது. விற்கும் முன் கதவு கொஞ்சம் இறங்கியிருப்பதைச் சரிசெய்து தரச் சொல்லி, உள்ளூர் டிங்கர் பாஸிடம் விட்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவரிடமிருந்து அழைப்பு. “ஹாஜியார், ஒரு நடை வந்துட்டுப் போங்க. போன்ல சொல்ற விஷயமில்ல.” (மாமா இன்னும் ஹஜ் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் தாடி வைத்த முதலாளிமார் எல்லோரும் ஹாஜியார்தான்!)

மாமி தானும் வருவேன் என்றார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பாஸ் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினாலு வயதில் சுத்தியல் பிடித்தவர். பேச்சு குறைவு. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி முன் மட்காட்டில் வைத்தார், ஒட்டியது. பின்பக்கம் வைத்தார், வழுக்கி விழுந்தது. “இது தகரமில்ல ஹாஜியார். பட்டி.” பிறகு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது வெண்ணெய்க்குள் கத்தி போவது மாதிரி உள்ளே போய்விட்டது! வெளியே இழுத்தபோது தேயிலைத் தூள் போல கறல் கொட்டியது. உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, மேலே பட்டி பூசி, அதற்கு மேல் வர்ணம் அடித்திருந்தார்கள். எட்டு வருடமாக மாமா பக்குவமாகத் துடைத்துப் பாதுகாத்தது இதைத்தான். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கதவுக்குக் கீழே ஒரு தகரம் இற்றுப் போனால் என்ன, ஒட்டுப் போட்டால் தீர்ந்ததுதானே என்று நானும் நினைத்தேன். பாஸ் விளக்கியபோதுதான் புரிந்தது. லொறிக்குக் கீழே தடித்த இரும்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மொரிஸ் மைனருக்கு அப்படி முழுச் சட்டம் கிடையாது. தளம், கதவடிப் பெட்டிகள், குறுக்குத் தகரங்கள் எல்லாம் சேர்ந்துதான் அதன் முதுகெலும்பு. மட்காட் நான்கும் ஆணி முடுக்கிப் பூட்டியவை. அவை ஓட்டையானால் அசிங்கம், அவ்வளவுதான். ஆனால் கதவடிப் பெட்டி இற்றுப் போனால் கார் நடுவில் வளையத் தொடங்கும். கதவு இறங்குவது அதன் முதல் அறிகுறி. பின் ஸ்பிரிங் பூட்டும் இடமும் இற்றுவிட்டால், இறக்கத்தில் வளைவு திருப்பும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 மே மாதம் இதே கொத்மலையில், றம்பொடை கரண்டியெல்லப் பக்கம் பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். அதன் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இந்தப் பாதைகளின் ஓரத்தில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதை அந்தப் பக்கம் போகிற எவரும் மறக்க மாட்டார்கள்.

கறல் எங்கிருந்து வருகிறது? இரும்பு, நீர், காற்று மூன்றும் கூடினால் போதும். இங்கிலாந்தில் குளிர்காலப் பனியை உருக்கப் பாதையில் தூவும் உப்பு கார்களைத் தின்கிறது. நம் கரையோரங்களில் கடற்காற்று. கொத்மலையில் உப்பில்லை, ஆனால் மூடுபனியும், வருடத்தில் இரண்டு பருவ மழையும், மட்காட்டுக்குள் அப்பிக்கொள்ளும் செம்மண்ணும் இருக்கின்றன. நனைந்த மண் நாட்கணக்கில் காயாது. கதவடிப் பெட்டிக்குள் போன நீர் வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் உள்ளே குளம்தான். மாமா பாசத்தோடு காரைப் பொலித்தீன் விரிப்பால் மூடி வைத்ததும் கெடுதலாகிவிட்டது. விரிப்புக்குள் விடியற்காலையில் நீர் வேர்த்து நிற்குமாம். ஈரத்தோடு மூடிவைத்த திருவலைப் பல்லுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா!

மாமா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “பாஸ், கொழும்புக்காரர் பார்த்துட்டுத்தான் போனார். அவருக்குத் திருப்தி. இப்ப அந்த ஓட்டையை மட்டும் மூடினால் போதுமே…” என்றார்.

பாஸ் தரையைப் பார்த்தார். “மூடலாம் ஹாஜியார். ரெண்டு நாள் வேலை.”

வாங்கில் உட்கார்ந்திருந்த மாமி எழுந்தார். “எட்டு வருஷத்துக்கு முன்னே உங்களுக்கு ஒருத்தர் செஞ்சத நீங்க இன்னொருத்தருக்குச் செய்யப் போறீங்களா? அந்தக் காசிலயா நாம கஃபாவைப் பார்க்கப் போறது?”

கொட்டிலில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் நாம் மதரஸாவில் படித்ததுதான். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். மாமி அதை எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மாமா, “வெட்டுங்க பாஸ். நல்லாச் செய்ங்க” என்றார்.

அந்த வேலையைப் பார்க்க வேண்டுமே! முதலில் பெற்றோல் தாங்கியையும் பெட்டரியையும் கழற்றித் தூரத்தில் வைத்தார்கள். ஆசனங்களும் கம்பளமும் வெளியே வந்தன. காரின் அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டினார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாதாம். வெட்டினால் கார் வாழைத்தண்டு போல நடுவில் தொய்ந்துவிடும். ஒரு பக்கத்தை முடித்துத்தான் மறுபக்கம். கறலைச் சுரண்டி அதன் மேலேயே ஒட்டுவதும் வீண். பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு சாண் ஓட்டை என்று நினைத்தது முக்கால் கதவு நீளமாகிவிட்டது.

புதுத் தகரத்தை அட்டையில் அளவு வரைந்து வெட்டினார்கள், நாம் சட்டை வெட்டுவது போலவே. மரச் சுத்தியலும் மணல் மூட்டையும் கொண்டு வளைவு எடுத்தார் பாஸ். தகரத்தை வைத்து இறுக்கிவிட்டு உடனே ஒட்டவில்லை. கதவைப் பூட்டி மூடிப் பார்த்தார், இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று விரலால் தடவினார், மறுபடி கழற்றித் தட்டினார். ஐந்து முறை! ஒட்டும்போதும் ஒரே இழுப்பாக இழுப்பதில்லை. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் ஈரத்துணியால் ஒரு ஒத்தடம். சூடு ஒரே இடத்தில் ஏறினால் தகரம் அப்பளமாக நெளிந்துவிடுமாம்.

இந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் உதுமானியத் துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இதன் தோற்றமே பிடிக்கவில்லை. உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம்! கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று கடைசி நேரத்தில் இஸிகோனிஸ் மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டைப் பட்டி அந்த 4 அங்குலத்தின் அடையாளம். பிறந்தபோதே வெட்டி ஒட்டிய கார்தான் இது!

இன்னொரு புதினம் கேளுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர் மொரிஸ் மைனர்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். நல்ல காரைத் தூக்கி எறிந்து புதிது வாங்குவதைவிட, திருத்தித் திருத்தி ஆயுள் முழுக்க ஓட்டுவதே இலாபம் என்று 1982இல் புத்தகமும் எழுதினார். அங்கே தகரங்கள் கிடைப்பது அருமையாகிவிடவே, 1990களின் தொடக்கத்தில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து நம் நாட்டிலேயே மொரிஸ் மைனர் உதிரிப் பாகங்கள் செய்ய ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு மட்காட் நம் ஊரிலிருந்து கப்பலேறியது! பாஸிடம் இதைச் சொன்னேன். “அப்ப நாங்க வெள்ளைக்காரனுக்கே டிங்கரிங் பார்த்திருக்கோம்” என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

வேலை நடந்த இடைவெளியில் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீர்த்தேக்கம் பார்க்கவும் போனோம். சுவீடன் நாட்டு உதவியோடு மகாவலித் திட்டத்தில் கட்டிய அணை, 87 மீற்றர் உயரம். 1985இல் திறந்தார்கள். அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறின. நீர் வற்றும் காலங்களில் கடதொர விகாரையின் சிதைந்த சுவர்கள் நடுவே எழுந்து நிற்கும் என்றார் மாமா. நாங்கள் போனபோது நீர் நிறைந்திருந்தது. மேலே வெறும் அமைதியான பச்சை நீர்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் பழைய கார், வேன் வாங்கும் யோசனையில் இருக்கும் சகோதரிகளுக்குப் பாஸ் சொன்னதை அப்படியே தருகிறேன். வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவடி, மட்காட் ஓரம், ஜன்னல் கீழ் என்று வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. விரலால் தட்டினால் தகரம் ஒலிக்கும், பட்டி மந்தமாக முனகும். கால் மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், புழுங்கிய வாடை வந்தால் தளம் நனைகிறது. அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். கறலின் மேல் பூசிய தார் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். ஆண்கள் என்ஜின் சத்தத்தில் மூழ்கியிருக்கும்போது இதையெல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும்!

நாங்கள் புறப்படும் நாளில் ஒரு பக்கம் முடிந்திருந்தது. உட்புறத்தில் துத்தநாகப் பூச்சுப் பூசி, பெட்டிக்குள் எண்ணெய் தெளித்து, அடைபட்ட துளைகளைத் திறந்துவிட்டிருந்தார் பாஸ். மறுபக்கத்துக்கு இன்னும் மூன்று வாரம் கேட்டார். செலவு நினைத்ததைவிட அதிகம். இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போக முடியாது என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம்.

கொழும்புக்காரருக்கு மாமாவே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, வேலை முடிந்ததும் வந்து பார்க்கிறேன், வெட்டி எடுத்த தகரங்களை எறிய வேண்டாம், அவற்றையும் நான் பார்க்க வேண்டும் என்றாராம். மாமி அவற்றை ஒரு சாக்கில் கட்டி விறகுக் கொட்டிலில் வைத்திருக்கிறார்.

விடைபெறும் முன் கொட்டிலுக்குப் போனோம். மாமி காரின் இடது கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளினார். ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்து மூடினார்.

“நான் வந்து இறங்கின நாள்ல இப்படித்தான் கேட்டது” என்றார்.