முள் கட்டிய கால்கள்

கனடாவின் சிம்கோ ஏரியில் குளிரைத் தாங்கிவிடலாம். கால் ஊன்றி நிற்பதுதான் பெரும்பாடு.

பொழுது இன்னும் விடியவில்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியஸ். ஆன்டாரியோ மாகாணத்தின் ஜாக்சன்ஸ் பாயிண்ட் கரையில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து விளக்கை அணைக்கின்றன. விவரமறிந்தவர்கள் இறங்கியதும் தூண்டிலைத் தேடுவதில்லை. காரின் பின்பக்கம் உட்கார்ந்து, ரப்பர் வாரில் கோத்த எஃகு முட்களை பூட்ஸின் அடியில் இழுத்து மாட்டுகிறார்கள். மாட்டாமல் இறங்கியவர் யார் என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும். கழைக்கூத்தாடி போல இரு கைகளையும் விரித்துக்கொண்டு, பத்தடி தூரத்தைக் கடக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்பவர் அவர்தான்.

டொரோண்டோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் சிம்கோ ஏரி. 722 சதுர கி.மீ. பரப்பு. நல்ல குளிர் அடித்த ஆண்டுகளில் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளைத் தரை. அதன் மேல் பெட்டிக்கடைகளை வரிசையாக வைத்ததுபோல மரக் குடில்கள். ஒவ்வொன்றிலும் அரசு கொடுத்த பதிவு எண். உள்ளே அடுப்பு, பெஞ்சு, தரையில் துளை. துளை வழியே தூண்டிலை இறக்கினால் தெற்கே ஆழம் குறைந்த குக்ஸ் விரிகுடாவில் மஞ்சள் பெர்ச் கிடைக்கும். ஆழமான பகுதிகளில் ஏரி டிரவுட்டும் ஒயிட்ஃபிஷ்ஷும். காசு கொடுத்தால் குடில் வாசல்வரை கொண்டுபோய் இறக்க, டாங்கி போலப் பட்டைச் சங்கிலியில் ஓடும் பழைய பாம்பார்டியர் வண்டிகள் உண்டு. சொந்தமாகப் போகிறவர்கள் சாமான்களைச் சறுக்குப் பலகையில் கட்டி, இடுப்பில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். வழுக்கல் இவர்கள் கவலை.

குளிர் ஒரு பிரச்சினையாக இருந்த காலம் போய்விட்டது. கீழே ரப்பர், மேலே தோல், உள்ளே கழற்றி உலர்த்தக்கூடிய கம்பளி உறை என்ற அமைப்பில் வந்த சோரல் பூட்ஸை 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இதே ஆன்டாரியோவின் கிச்சனர் நகரில் இருந்த காஃப்மன் நிறுவனம். (2000இல் அது நொடித்துப் போனது. பிராண்ட் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்திடம் போனது.) இந்த வகை பூட்ஸ் பிறந்ததே கால் விரலைக் காப்பாற்றத்தான். பனியைப் பிடித்து நிற்பது வேறு வித்தை.

எவ்வளவு வேறு என்பதை டொரோண்டோவின் மறுவாழ்வு ஆய்வு நிலையம் 2016இல் காட்டியது. அங்கே 'வின்டர்லேப்' என்ற அறை இருக்கிறது. தரை முழுக்கப் பனிக்கட்டி. தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். மேலே கூரையிலிருந்து தொங்கும் வாரில் கட்டப்பட்ட ஆள், சோதிக்கப்படும் பூட்ஸை அணிந்து ஏறி இறங்க வேண்டும். எந்தச் சாய்வில் கால் நழுவுகிறதோ அதுதான் மதிப்பெண். உலர்ந்த குளிர் பனி, உருகி நீர் படர்ந்த பனி இரண்டிலும் சோதனை. 7 டிகிரி சாய்வில் நின்றுவிட்டால் குறைந்தபட்சத் தேர்ச்சி. ஒன்றும் பெரிய மலையல்ல. நடைபாதையில் சக்கர நாற்காலிக்காக வைக்கும் சரிவு ஏறக்குறைய அவ்வளவுதான். சோதித்த 98 வகைக் காலணிகளில் தேறியவை 8 சதவீதம்.

கடைக்காரர் புரட்டிக் காட்டும் ஆழமான பள்ளமும் பெரிய கட்டைகளும் சேற்றில் உதவும், புதுப் பனித்தூளில் உதவும். கண்ணாடி போன்ற பனியில் பள்ளம் எதைப் பற்றும்? அங்கே கணக்கில் வருவது ரப்பரின் குணம். சாதாரண ரப்பர் குளிரில் இறுகி பிளாஸ்டிக் போலாகிவிடுகிறது. சோதனையில் முன்னுக்கு வந்தவை, ரப்பருக்குள் இழைகளையோ சொரசொரப்பான துகள்களையோ கலந்த அடிப்பாகம் கொண்டவை. உப்புத்தாள் போலப் பனியைச் சுரண்டிப் பிடிப்பவை.

பனி ஏன் வழுக்குகிறது என்பதற்கு நெடுநாள் சொல்லப்பட்ட விடை, உடல் எடையின் அழுத்தத்தில் அது உருகுகிறது என்பது. கணக்குப் போட்டால் பொருந்தாது. ஒரு மனிதரின் எடை பனியின் உருகுநிலையை ஒரு டிகிரியில் சிறு பின்னம்தான் குறைக்கிறது. உறைநிலைக்குக் கீழும் பனியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப் படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொன்னார். பின்னாளைய ஆய்வுகள் ஏறத்தாழ அந்தப் பக்கமே சாய்ந்தன. உராய்வின் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஏரிக்காரர்களுக்கு ஃபாரடே தேவையில்லை. கடும் குளிர் நாளில் பனி ஓரளவு பிடி கொடுக்கும், வெயில் அடித்து மேலே நீர் மினுங்கும் மார்ச் மதியம்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பது அவர்களுக்கு முதுகெலும்பில் பதிந்த பாடம்.

வேடிக்கை என்னவென்றால், ஏரியிலேயே மிக மோசமான இடம் மீன் பிடிப்பவர் தாமே உண்டாக்கும் இடம். துளைபோடும் திருகு மேலே வரும்போது அள்ளிவரும் நீரும் பனிக்கூழும் சுற்றிலும் பரவிச் சில நிமிடங்களில் உறைந்துவிடுகின்றன. நாள் முழுக்க நிற்க வேண்டியது அந்த வட்டத்தில்தான். துளை போடுவதும் சுலபமல்ல. திருகு பனியில் சிக்கி நின்றால், காலில் பிடிப்பில்லாத ஆள் திருகைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்துவிடுவார். சிலர் பழைய மிதியடியை விரிக்கிறார்கள். கறுப்பு நிறமானால் வெயிலை வாங்கி, அடியில் பனியைக் கரைத்து மெல்ல உள்ளே புதையும்.

ஆகவே முள். சுருள் கம்பி சுற்றிய வகை நகர நடைபாதைக்குப் போதும். ஏரியின் கெட்டிப் பனிக்கு மேலோட்டமானது. குதிகாலிலும் முன்பாதத்திலும் குட்டையான எஃகு ஆணிகள் உள்ளதே இங்கே அதிகம் புழங்குகிறது. மலையேறுபவர்களின் நீண்ட பற்கள் சமதளத்தில் தடுக்கி விழவைக்கும். சிக்கனக்காரர்கள் இதற்கும் செலவழிப்பதில்லை. அறுகோணத் தலை கொண்ட சிறு திருகாணிகளை பூட்ஸின் அடியில் நேரடியாக முடுக்கிவிடுகிறார்கள். அடிப்பாகத்தின் தடிமனைவிட ஆணி நீளமாக இருந்துவிடக் கூடாது. இருந்தால் உள்ளே பாதம் உடனே சொல்லிவிடும்.

டொரோண்டோவின் கிழக்கே, 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பெருமளவில் குடியேறிய ஸ்கார்பரோவிலிருந்தும் இந்த ஏரி ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். முதல் குளிர்காலத்தில் புதிதாக வந்த எவரும் நடையை மறுபடி பழகத்தான் வேண்டியிருக்கிறது. எட்டு வைக்காமல், பாதத்தை முழுசாகப் பதித்து, உடல் எடை முன்காலுக்கு மேல் இருக்கும்படி வாத்து நடை நடக்க வேண்டும். கைகள் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. விழுந்தால் மணிக்கட்டு, இடுப்பு. மல்லாந்து விழுந்தால் பின்மண்டை. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தனியாக, கால் முறிந்து கிடப்பது அந்தக் குளிரில் சாதாரண விபத்தல்ல.

முள்ளுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அது தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. காலடியில் பிடிப்பு இருக்கிறது என்பதற்கும் அடியில் போதிய பனி இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. தனியாள் நடக்க 15 செ.மீ., ஸ்னோமொபைல் போக 25 செ.மீ. என்பது கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லிவந்த கணக்கு. அதுவும் தெளிந்த நீலப் பனிக்கு. பனிமழை கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கு ஏறக்குறைய பாதி பலம்தான். அனுபவசாலிகள் இரும்புக் கடப்பாறையால் முன்னே தட்டிப் பார்த்தே அடி வைக்கிறார்கள். கழுத்தில் இன்னொரு ஜோடி முள் தொங்குகிறது: கயிற்றில் கட்டிய இரண்டு கைப்பிடிகள், நுனியில் கூரான ஆணி. உள்ளே விழுந்தால் ஈரப் பனியின் விளிம்பைக் குத்திப் பிடித்து வெளியே ஊர்ந்து வருவதற்கு. 2023-24 போன்ற வெதுவெதுப்பான குளிர்காலங்களில் ஏரி ஒழுங்காக உறையவே இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் பருவத்தைத் தவறவிட மனமில்லாமல் மெல்லிய பனியில் கால் வைக்கிறவருக்கு, காலின் முள்ளைவிடக் கழுத்தின் முள்தான் அவசியம்.

மாலையில் நான்கு பெர்ச்சுகளோடு கரை திரும்புகிறவர்கள் நேராகப் போவது காபிக் கடைக்கு. அங்கே வழவழப்பான ஓட்டுத் தரை. எஃகு முள்ளோடு அதில் கால் வைத்தால் ஏரியைவிட மோசமாக வழுக்கும். அதனால் வாசலில், கார் டயர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய பனியின் மேல், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு முள்ளைக் கழற்றுகிறார்கள். நாள் முழுக்க விழாதவர்களில் சிலர் விழுவது அங்கேதான்.